பரிசோதனைக்கு ஒரு நாள் கூலி

ரயிலை ஓட்டுகிறவரின் கண்ணையும் நெஞ்சையும் ரயில்வே நிர்வாகம் காலம் தவறாமல் சோதித்துப் பார்க்கிறது. பணியில் சேர்ந்தது முதல் 45 வயதுவரை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. பிறகு 55 வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதன்பின் ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும். ரயில்வே மருத்துவக் கையேட்டில் 'ஏ' வகுப்பினருக்கு உள்ள விதி இது. 'பி' வகுப்பினருக்கு 45 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. மேசையில் உட்கார்ந்து எழுதுகிற எம் போன்றோர் 'சி' வகுப்பு. வேலையில் சேரும்போது ஒரு தடவை பார்த்ததோடு சரி, பிறகு ஓய்வு பெறும்வரை கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. காரணம் எளிது. ஓட்டுநர் மயங்கினால் ரயில் கவிழும். எழுத்தர் மயங்கினால் மைக்கூடுதான் கவிழும்!

இந்த விதியை நாம் குறை கூறவில்லை. ஆயிரக்கணக்கான பயணிகளின் உயிர் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. உழைப்பவனின் உடம்பை இந்த நாட்டில் யார், எப்போது சோதிக்கிறார்கள்? அவன் உடம்பு யாருக்குத் தேவைப்படுகிறதோ அவர்கள், தேவைப்படும்போது சோதிக்கிறார்கள். வளைகுடாவுக்குப் போகிறவனின் நுரையீரலைப் படமெடுக்கிறார்கள். பட்டாளத்துக்குப் போகிறவனின் மார்பை அளக்கிறார்கள். அவன் மனைவிக்காக, பிள்ளைகளுக்காக, அவனுக்காகவே அவன் உடம்பைப் பார்க்கும் ஏற்பாடு எங்கே இருக்கிறது? ஓடுகிற ரயிலைத் துடைத்துக் கூட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளி ஏ, பி, சி ஆகிய மூன்றிலும் இல்லை. தாராவித் தோல் பட்டறையில் நிற்பவனும், விடியுமுன் இட்லி அவித்துத் தலையில் சுமந்து விற்பவனும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் நம் தாய்மாரும் எந்த வகுப்பு?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சங்கங்கள் அவற்றை எதிர்த்து நிற்கின்றன. எதிர்க்க வேண்டிய பகுதிகள் நிரம்ப இருக்கின்றன, அவற்றைத் தனியே பேசுவோம். அந்தத் தொகுப்புகளுக்குள் தொழிலாளர்க்குக் கட்டணமின்றி ஆண்டுதோறும் உடற்பரிசோதனை என்ற ஒரு கூறும் இருக்கிறது. 40 வயதைக் கடந்தவர்களுக்கு இது கிடைக்கும் என்று அரசு விளம்பரம் செய்தது. நல்லது. ஆனால் சட்ட வாசகத்தைப் படித்தால், எந்த வயதினர், எந்த வகைத் தொழிலகம் என்பதை உரிய அரசு விதி வகுத்துச் சொல்லும் என்று எழுதியிருக்கிறது. அந்தத் தொகுப்பே பொதுவாக 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தும். தாராவியில் ஒரு பட்டறையில் எத்தனை பேர்? ஆறு பேர், ஏழு பேர். பத்தாவது ஆளைச் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளும் கணக்கு சேட்டுகளுக்குத் தெரியாததல்ல.

சரி, பத்துப் பேருக்கு மேல் உள்ள இடத்தில் இருக்கிறோம், ஈ.எஸ்.ஐ. அட்டையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2019 ஜூலை முதல் நம் சம்பளத்தில் 0.75 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 3.25 விழுக்காடும் அதற்குப் போகிறது. நோயில் படுத்தால், மருத்துவர் சான்று கொடுத்தால், சந்தா நாட்கள் சரியாக இருந்தால், ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். போராடிப் பெற்ற உரிமை இது. இதைக் குறைத்து மதிப்பிட மாட்டோம். ஆனால் படுக்கையில் விழுந்தவனுக்குத்தான் அந்த 70 விழுக்காடு. விழாமல் இருக்கச் சோதித்துக்கொள்ளப் போகிற நாளுக்கு? ஒரு காசும் இல்லை. 2018இல் வந்த ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடும் அப்படித்தான். மருத்துவமனையில் சேர்ந்த பிறகே அதன் கதவு திறக்கும். மாதா மாதம் வாங்கும் பிரஷர் மாத்திரைக்கு அது பயன்படாது.

'நம் ஜனங்களுக்கு விழிப்பில்லை' என்று படித்தவர்கள் சொல்வது வழக்கமாகிவிட்டது. இதை நாம் ஏற்பதில்லை. நாக்காவில் நின்று அன்றன்று வேலைக்குப் போகிறவன் ஒரு வேலை நாளை விட்டுவிட்டு மாநகராட்சி மருத்துவமனை வரிசையில் நிற்கிறான். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, இரத்தம் கொடுக்க ஒரு வரிசை. முடிவு வாங்க இன்னொரு நாள் வா என்கிறார்கள். ஆக இரண்டு நாள் கூலி போயிற்று. உடம்பில் வலியே இல்லாதபோது, அடுப்புக்கு அரிசி வாங்கும் பணத்தை இதற்காக விடுவானா? விடமாட்டான். இது அறியாமையல்ல, கணக்கு. அந்தக் கணக்கு தவறாகிப்போவது பத்து ஆண்டு கழித்துத்தான் தெரிகிறது: காலில் ஆறாத புண், ஒரு பக்கம் விழுந்த கை, சிறுநீரகம் போய் வாரம் இரண்டு மூன்று தடவை இரத்தம் சுத்திகரிக்க ஓடும் ஓட்டம். அப்போது போவது இரண்டு நாள் கூலி அல்ல. ஊரில் வாங்கிப் போட்ட நிலமும், மகளின் நகையும்.

இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் வலியோடு வருகிற நோய்கள் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இரத்தக் கொதிப்பு. இது பணக்கார வியாதி என்ற பேச்சு பழங்கதை. கொதிப்பைப் பார்க்கக் கையில் பட்டை கட்டி இரண்டு நிமிடம் போதும். மேல் அளவு 140, கீழ் அளவு 90 என்பவற்றில் ஏதாவது ஒன்றை எட்டி, வேறொரு நாள் பார்க்கும்போதும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 126ஐத் தொட்டால் மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும். 30 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் இவ்விரண்டையும் ஆண்டுக்கொரு முறையும், வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான சோதனையை ஐந்தாண்டுக்கொரு முறையும் இலவசமாகச் செய்ய வேண்டும் என்று அரசின் திட்டமே சொல்கிறது. தாளில் இருக்கிறது. நம் சாலுக்கு வந்திருக்கிறதா?

இந்த இடத்தில் நம் மக்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் சால் முனையில் கொட்டகை போட்டு, 'முழு உடல் பரிசோதனை, 60 சோதனைகள், பாதி விலை' என்று துண்டறிக்கை கொடுக்கிறார்கள். அதில் ஏமாற வேண்டாம். டென்மார்க் ஆய்வாளர்கள் 2012இல், அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நோய்க்குறி ஏதுமற்றவர்களுக்குப் பொத்தம் பொதுவாகச் செய்யும் முழுப் பரிசோதனையால் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். 2019இல் மறுபடி பார்த்தபோதும் அதே முடிவு. அவை வசதியான நாடுகளில் நடந்தவை, அங்கே மக்கள் வேறு காரணங்களுக்காகவே அடிக்கடி மருத்துவரைப் பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் அறுபது சோதனை என்பது வியாபாரம். நமக்கு வேண்டியவை நாலைந்து சோதனைகள், அவற்றில் ஏதாவது தெரிந்தால் தொடர்ந்து கிடைக்கும் மருந்து. சோதித்துச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு மருந்து தராமல் அனுப்புவது, தண்டவாளத்தில் விரிசல் என்று நோட்டில் எழுதிவிட்டு ரயிலையும் அதன்மேல் விடுவதற்குச் சமம்.

மும்பை ஏழைகளுக்கு இதில் ஒரு தனிக் கதை இருக்கிறது. நம்மில் பலருக்கும் அது தெரியாது. 1998 முதல் டாடா நினைவு மருத்துவமனை இந்த நகரத்தின் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வு நடத்தியது. 35 முதல் 64 வயதுவரை உள்ள ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு இரண்டாண்டுக்கொரு முறை கருப்பைவாயில் காடித் திரவத்தைத் தடவிப் பார்த்தார்கள். கெட்ட இடம் இருந்தால் ஒரு நிமிடத்தில் அங்கே வெள்ளைத் திட்டு தெரியும். பெரிய இயந்திரம் ஏதும் தேவையில்லை. பார்த்தவர்கள் யார்? டாக்டர்கள் அல்லர், பத்தாவது படித்து, நான்கு வாரப் பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள். 2013இல் முடிவு வந்தது: சோதிக்கப்பட்டவர்களிடையே கருப்பைவாய்ப் புற்றால் நேர்ந்த சாவு 31 விழுக்காடு குறைந்திருந்தது. மார்பைக் கையால் தொட்டுப் பார்க்கும் சோதனையும் அதே பெண்களுக்கு நடந்தது. 50 வயதைக் கடந்தவர்களிடையே மார்புப் புற்றுச் சாவு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது என்ற முடிவு 2021இல் வெளியானது. இதற்கு முன்பே நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 49,000க்கு மேற்பட்ட பெண்களை வைத்து இதே காடிச் சோதனை ஆய்வு நடந்து, ஒரே ஒரு முறை சோதித்ததில் சாவு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் எழுதியிருந்தார்கள்.

மும்பையில் மற்றப் பாதிப் பெண்களுக்கு அறிவுரை மட்டும் சொல்லிச் சோதிக்காமல் விட்டது சரியா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி நம்முடையது. குடிசைப் பெண்களின் உடலிலிருந்து உலகம் ஒரு பாடம் கற்றது. அந்தப் பாடத்தின் பலன் குடிசைக்குத் திரும்பி வந்ததா? 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்தச் சோதனை செய்துகொண்ட 30 முதல் 49 வயதுப் பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 1.9 பேர். தமிழ்நாட்டில் 9.8. அங்கேயும் பத்தில் ஒருவர்தான்.

பத்தாவது படித்த பெண் போதும் என்று டாடா ஆய்வே காட்டிவிட்டது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் படித்த நம் பெண்பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! தமிழர் வாழும் பகுதிகளில் சுகாதாரப் பணிக்கு அவர்களை எடுக்க என்ன தடை? மொழியை முன்வைத்து நாம் இதைக் கேட்பது வெறும் பாசத்தால் அல்ல. மராத்தியும் இந்தியும் சரளமாக வராத ஒரு தாய், வெள்ளைபடுதலையோ மாதவிலக்கு நின்றபின் படும் இரத்தத்தையோ மருத்துவரிடம் எப்படிச் சொல்வாள்? கூட வந்து மொழிபெயர்ப்பவன் பதினைந்து வயது மகன். அவன் முன்னால் அவள் சொல்வது, 'வயிறு வலிக்குது' என்பது ஒன்றுதான். வயிற்றுவலி மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறாள். 'மெய் கூறினால்தானே மருந்து' என்று அவளைக் கடிந்து பயனில்லை.

ஆண்களுக்கு வாய். மாவாவும் குட்காவும் நாக்காவில் நிற்கும்போது பசியை மறக்கடிக்கும். மகாராஷ்டிர அரசு 2012இலேயே குட்காவைத் தடை செய்தது. தடை செய்தது செய்தபடி, கிடைப்பது கிடைத்தபடி. நம் பெண்களும் இந்த ஊருக்கு வந்து மிஷ்ரியால் பல் தேய்க்கப் பழகியிருக்கிறார்கள். பல்பொடி என்று நினைக்கிறார்கள், அது வறுத்துப் பொடித்த புகையிலை. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வெளிச்சம் காட்டி வாயைப் பார்க்கும் சோதனையை நடத்தினார்கள். புகையிலை, மது பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்தது என்பது 2005இல் வந்த முடிவு. வாயில் வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, ஆறாத புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காட்டாமல் விடக்கூடாது. இரண்டு வாரம் தாண்டிய இருமலும் அப்படித்தான். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுக்கும் நம் வீடுகளில் ஒருவரின் காசம் ஒருவரோடு நிற்காது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ஊரில் இருக்கும் நம் தாய் தந்தையருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அவர்களுக்குப் பணம் அனுப்பும் மகனுக்கு இங்கே அப்படி ஒருவரும் வருவதில்லை. அவன் ஊர்க் கொடைக்கும் கோடை விடுமுறைக்கும் போகும்போது கையில் பத்து நாள் மாத்திரைதான் இருக்கும். தங்குவது ஒரு மாதம். திரும்பி வரும்போது கொதிப்பு பழைய இடத்துக்கே ஏறியிருக்கும். ஊருக்குப் போகிறவர்களுக்கு இரண்டு மாத மாத்திரை கொடுக்க மாநகராட்சிக்கு என்ன செலவு ஆகிவிடும்? 2022இல் மும்பை மாநகராட்சி தொடங்கிய 'ஆப்லா தவாகானா' மருந்தகங்கள், வேலை முடிந்து வருகிறவர்கள் மாலையில் போகும்படி வகுக்கப்பட்டவை. நல்ல ஏற்பாடு. கொதிப்பையும் சர்க்கரையையும் அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் அரசுகளிடம் கேட்பது இவை. மகாராஷ்டிர அரசின் விதிகளில் பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைகளும் ஒப்பந்தத் தொழிலாளரும் வீட்டுவேலை செய்யும் பெண்களும் விடுபடக் கூடாது. வயது 40 என்பது 30 ஆக வேண்டும். அரசின் சொந்த நோய்த்தடுப்புத் திட்டம் 30 என்று சொல்லும்போது தொழிலாளிக்கு மட்டும் பத்தாண்டு தாமதம் ஏன்? பரிசோதனை நாள் கூலியோடு கூடிய நாளாக இருக்க வேண்டும். இது இல்லாமல் மற்றவை எதுவும் நடக்காது. பரிசோதனை முடிவு தொழிலாளியின் கைக்கு வர வேண்டும். முதலாளியின் மேசைக்குப் போய், 'உனக்குச் சர்க்கரை, நாளை முதல் வேண்டாம்' என்று சொல்லும் கருவியாக மாறக் கூடாது. இந்தக் கடைசி அச்சம் வெறும் கற்பனை என்று தோழர்கள் எண்ண வேண்டாம். நோய் தெரிந்தால் வேலை போகும் என்ற பயத்தில் சோதனைக்கே போகாதவர்களை ஒவ்வொரு பட்டறையிலும் பார்க்கலாம்.

பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் உள்ளவர்கள், ஆண்டுப் பரிசோதனை எந்த மாதம், எந்த மருத்துவமனையில், கூலி உண்டா என்று கேட்டு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். நாலு பேராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தனியாகப் போக வேண்டாம். நகலில் பெற்றுக்கொண்ட கையொப்பமும் தேதியும் வாங்க மறக்காதீர்கள். தமிழில் எழுதிக் கொண்டுவந்தால் போதும், மராத்தியில் பெயர்த்துத் தரச் சங்க அலுவலகத்தில் மாலை வேளைகளில் ஆள் இருப்பார்.