எலி நுழையும் வழி

திருச்சியில் இருந்து கரூர் போகும் சாலையில் உள்ளது ஜீயபுரம். காவிரிக் கரை ஊர். சுற்றிலும் நெல், வாழை. முக்கொம்புக்குப் போகிறவர்கள் இந்த வழியாகப் போவார்கள். பசி எடுத்தால் வண்டியை நிறுத்தி இட்லி சாப்பிடுவார்கள். குழந்தைக்குப் பால் வாங்குவார்கள்.

வயல் பக்கத்து ஊர் என்றால் எலிக்குப் பஞ்சம் இல்லை. அறுவடை முடிந்ததும் வயலில் இரை தீர்ந்துவிடும். பிறகு எலி எங்கே போகும்? அரிசி மூட்டை இருக்கும் இடத்துக்குத்தான். ஓட்டல் சமையல்கட்டை விட வசதியான இடம் அதற்கு வேறு எது?

எலி வருவது ஓட்டல்காரரின் குற்றம் அல்ல. வழியைத் திறந்து வைப்பதுதான் குற்றம். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2011-ல் விதிகள் வந்தன. ஓட்டைகளை அடைக்க வேண்டும். சாக்கடை வாய்க்குக் கம்பி வலை போட வேண்டும். மூட்டைகளைத் தரையில் போடக்கூடாது. சுவரை ஒட்டியும் அடுக்கக்கூடாது. மருந்து வைத்தால், என்ன மருந்து, என்று வைத்தது என்று எழுதி வைக்க வேண்டும். சுகாதாரம் இல்லாத இடத்தில் உணவு தயாரித்தால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

"நாங்கள் பூனை வளர்க்கிறோமே!" என்பார் சிலர். பூனைக்கும் சமையல்கட்டில் இடம் இல்லை என்கிறது அதே விதி!

பில் இருக்கிறது, கரப்பானும் இருக்கிறது

மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிட்டு, பில் வாங்கி, பைலில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டல்களில் திரியும் சின்னக் கரப்பான் பூச்சியின் ஒரு முட்டைக் கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். கூட்டுக்குள் இருக்கும் முட்டையை மருந்து எளிதில் தொடாது. இன்று அடித்தால் தாய் சாகும். சில நாளில் குஞ்சுகள் வரும். இரவில் மேடையில் சிந்திய சாம்பாரும், கழுவாத தட்டும் அவற்றுக்கு விருந்து.

இன்னும் கொஞ்சம் மருந்து போடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் எலித் தொல்லை. பூச்சி ஒழிப்பு நிறுவனத்தார் வந்து எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வீட்டில் இரவு தூங்கிய 2 குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அது வீடு. ஓட்டலிலோ மாவு அண்டா இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சரக்கு அறையிலேயே படுத்துத் தூங்கும் வேலைக்காரப் பையன்களும் இருக்கிறார்கள். எலியை விரட்டும்போது உணவுக்குக் கெடுதல் வரக்கூடாது என்று விதியில் எழுதியிருப்பது சும்மா அல்ல.

கடை அடைக்கும் நேரத்தில் எல்லோருக்கும் அலுப்பு. கழுவி விடும் அம்மாளுக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்ற கவலை. அந்த அரை மணி நேரம் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து சமையல்கட்டில் நிற்க வேண்டும். அடுப்புக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மருந்துச் செலவு பாதியாகக் குறையும் என்பது நம் எண்ணம்.

சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பில்லைக் கேட்பதற்கு முன்னால், பின்பக்கக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். கீழே வெளிச்சம் தெரிகிறதா? சுண்டெலி நுழையப் பென்சில் பருமன் சந்து போதும். அங்கே ஒரு தகரம் அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் மறுபடியும் வந்து பாருங்கள்.