மூன்று கோடு போட்ட கித்தாச் சப்பாத்து

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சப்பாத்தைப் பற்றி நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு நிறம், கட்டுவதற்குக் கயிறு கிடையாது, மேலிருந்து கீழ்வரை ஒரே வார்ப்பாகக் கித்தாவில் செய்தது, அடியில் குமிழ் குமிழாக இருக்கும். பால் வெட்டப் போகிறவர்களின் சப்பாத்து. ஊரார் அதற்குக் கேலியாக வைத்த பெயர் 'அடிடாஸ் கம்போங்'.

சென்ற மாதம் பக்கத்துப் பட்டணத்தில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு ஆணி வாங்கப் போனேன். மண்வெட்டிகளுக்கும் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவே அந்தச் சப்பாத்துகள் ஜோடி ஜோடியாகக் கட்டித் தொங்கின. ஆணியை மறந்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். சீனக் கடைக்காரர் மலாயில் கேட்டார்: "வேலைக்கா, மலை ஏறவா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் இதை மாட்டிக்கொண்டு ஏறுவது பலரும் அறிந்ததே. காட்டுப் பாதையில் ஓடப் பழகும் பட்டணத்து இளைஞர்களும் இப்போது இதைத் தேடி வாங்குகிறார்கள். தண்ணீரில் ஊறாது, கழுவினால் உடனே காய்ந்துவிடும், குமிழ்கள் சேற்றைக் கவ்விப் பிடிக்கும். இந்த உண்மை நம் தாய்மார்களுக்கு என்றைக்கோ தெரியும்!

நான் 12 வெள்ளி கொடுத்து ஒரு ஜோடி வாங்கினேன். வேலைக்கும் அல்ல, மலைக்கும் அல்ல.

1970களின் நடுப்பகுதியில் எங்கள் தோட்டத்துப் பையன்களைப் பந்தாட்டப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. மொக்தார் டஹாரி, கோல் காவலர் ஆறுமுகம் என்று பெயரைச் சொன்னாலே போதும், சோற்றைக்கூடப் பாதியில் விட்டு ஓடுவோம். பந்தாடும் சப்பாத்து வாங்க யாருக்கு வசதி? பார்த்தோம், கித்தாச் சப்பாத்துக்கும் அடியில் குமிழ் இருக்கிறதல்லவா! பள்ளிக்கூடச் சப்பாத்துக்குப் பூசும் வெள்ளையை எடுத்து, கறுப்புக் கித்தாவின் இரு பக்கமும் மூன்று மூன்று கோடு இழுத்தோம். லயத்துக்கு லயம் அது பரவியது. கோடு போடாத சப்பாத்துக்காரனை ஆட்டத்தில் சேர்க்கவே மாட்டோம்.

எனக்கென்று சொந்தமாகச் சப்பாத்து கிடையாது. அம்மாவின் சப்பாத்துதான். காலையில் பெரட்டுக்குப் போவது முதல் பாலைக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்துத் திரும்பும் வரை அது அம்மாவின் காலில் இருக்கும். பிற்பகலில் கழுவி, முனையில் பழைய துணியைத் திணித்து நான் மாட்டிக்கொள்வேன். அதிலும் ஒரு நாள் கோடு போட்டுவிட்டேன்.

மறுநாள் பெரட்டில் மண்டோர் கேட்டாராம், "என்னாக்கா, பந்தாட்டத்துக்குப் பேர் குடுத்திட்டீங்களா?" எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அடி நிச்சயம் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "போட்டதுதான் போட்ட, ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி போட்டிருக்கக் கூடாதாடா?" என்றார். அவ்வளவுதான்.

இந்தக் கதையைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் மிச்சக் கதையை அதிகம் சொன்னதில்லை. கோடு போட்ட அதே மாதம் ஆட்டத்தில் இடது சப்பாத்து பிளந்துவிட்டது. சம்பளத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். சைக்கிள் டியூபை வெட்டி அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அம்மா வெட்டுக்காட்டுக்குப் போனார். மழைக்காலம். ஒரு நிரையில் ஐந்நூறு மரம். வெட்ட ஒரு சுற்று, பால் எடுக்க ஒரு சுற்று. மூன்றாம் நாள் பிளவின் வழியே முளைக்குச்சி ஏறிவிட்டது. கால் வீங்கி நான்கு நாள் படுத்திருந்தார். அந்த நான்கு நாளுக்குச் சம்பளம் இல்லை. புதுச் சப்பாத்தின் காசு கடைப் பற்றில் ஏறியது. அதற்குப் பிறகு நான் அம்மாவின் சப்பாத்தைத் தொடவில்லை.

நெடுங்காலம் நான் என்னையே நொந்துகொண்டேன். இன்று வேறொரு கேள்வி எழுகிறது. வேலை தோட்டத்துடையது, மரம் தோட்டத்துடையது, பால் தோட்டத்துடையது. அப்படியிருக்க, அந்த வேலைக்குப் போட வேண்டிய சப்பாத்தை மட்டும் தொழிலாளி ஏன் தன் கைக்காசில் வாங்க வேண்டும்? அம்மாவுக்கு இரண்டாவது ஜோடி ஒன்று இருந்திருந்தால் அந்தக் குச்சி ஏறியிருக்குமா?

நமக்கு அந்தச் சப்பாத்தைப் பார்த்தால் வெட்கம். பட்டணத்துப் பள்ளிக்குப் போன பிறகு, அம்மா அதைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பியவர்கள் நம்மில் உண்டு, நானும் ஒருவன். வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்ல. வெறுங்காலோடும் பிளந்த சப்பாத்தோடும் ஆளைக் காட்டுக்குள் அனுப்பியவர்களே வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது சட்டம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி (514-வது சட்டம்), தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிப்பது முதலாளியின் கடமை. அச்சட்டத்தின்படி கொடுக்கும் எந்தப் பொருளுக்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 26-வது பிரிவு சொல்கிறது. கொடுத்ததைப் போட்டுக்கொள்வது தொழிலாளியின் கடமை. அதையும் மறக்க வேண்டாம்.

கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனை மட்டையின் முள் பொல்லாதது. அதற்கு இந்தச் சப்பாத்து போதாது, நல்ல பூட்ஸ் வேண்டும். இன்னும் தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! கையெழுத்துப் போடுமுன் சம்பளச் சீட்டைப் பாருங்கள். பூட்ஸுக்கும் கையுறைக்கும் பிடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமென்றால் சங்கத்தின் மூலம் கேளுங்கள். பக்கத்து நிரையில் வேலை செய்யும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசத்தவருக்கும் சேர்த்தே கேளுங்கள். அவர்கள் காலிலும் முள் குத்தும்.

தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டவர்கள் ஒரு ஜோடி வாங்கி வீட்டு வாசலில் வையுங்கள். நான் வாங்கி வந்ததைப் பேரன் பார்த்தான். "தாத்தா, இது இப்போ ரொம்ப ஸ்டைல்!" என்று தூக்கிக்கொண்டு ஓடினான். கூப்பிட்டு உட்கார வைத்து, பூட்டியின் கதையைச் சொன்னேன். குச்சி ஏறிய கதையையும் விடாமல் சொன்னேன். கேட்டு முடித்தவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அந்தத் தோட்டத்துக்காரங்க ஏன் வாங்கிக் குடுக்கல?"

ஐந்நூறு மரம் வெட்டிய என் அம்மா கேட்காமல் போன கேள்வி அது. நாமாவது கேட்போம்.