அளவுக்கேற்ற அனல்



நம் ஊரில் மின்விசிறி நின்றால் துன்பம். நம் பிள்ளைகள் குடியேறியுள்ள கனடாவிலோ, வீட்டைச் சூடாக்கும் உலை நின்றால் உயிருக்கே ஆபத்து. 'ஃபர்னேஸ்' எனப்படும் அவ்வுலை, பெரும்பாலும் எரிவாயுவால் காற்றைச் சூடாக்கிக் குழாய்கள் வழியே அறைதோறும் அனுப்புகின்றது.

டொரான்டோவில் வாழும் என் தமக்கை மகனின் வீட்டில், சென்ற குளிர்காலத்தில் உலை பழுதாகிவிட்டது. "மாமா, உம்மாவும் கைக்குழந்தையும் ஒரே அறையில் மின்சூடேற்றியின் முன்னே இருக்கிறார்கள். பழையதைப் போலவே ஒரு லட்சம் பி.டி.யு. உலையை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். பெரிதாக இருந்தால் நல்லதுதானே?" என்று தொலைபேசியில் கேட்டான். கலைப் பட்டதாரியான எனக்கு விடை தெரியவில்லை. "முறையாக அளக்கத் தெரிந்தவரை முதலில் அழை" என்று மட்டும் கூறினேன். பின்னர் நாங்கள் இருவரும் அறிந்துகொண்டவற்றைக் கூறுகிறேன்.

ஒரு பவுண்டு தண்ணீரின் வெப்பத்தை ஒரு பாரன்ஹீட் பாகை உயர்த்தத் தேவையான வெப்பமே ஒரு பி.டி.யு. ஒரு மணி நேரத்தில் இத்தனை பி.டி.யு. என்று உலையின் அளவைக் குறிப்பர்.

கந்தூரி அடுப்பில் இருவருக்கான கஞ்சியைக் காய்ச்சினால் என்னவாகும்? அடி கருகும், விறகும் வீண். பெரிய உலையும் அப்படியே. அது சில நிமிடங்களில் கூடத்தைச் சூடாக்கிவிட, அங்குள்ள தெர்மோஸ்டாட் உலையை அணைத்துவிடும். கோடியிலுள்ள அறைக்கோ சூடு போய்ச் சேர்ந்திராது. இவ்வாறு அடிக்கடி எரிந்து அணைவதால் எரிபொருள் விரயமாகும். உறுப்புகளும் விரைவில் தேயும். உலை மிகச் சிறிதானாலோ, கடுங்குளிர் இரவில் ஓயாமல் எரிந்தும் வீடு சூடாகாது.

ஆகவே வீட்டின் பரப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. சுவர், கூரை, சன்னல்கள், காற்றுக் கசியும் இடுக்குகள், அவ்வூரின் கடுங்குளிர் ஆகியவற்றைக் கொண்டு, வீடு இழக்கும் வெப்பத்தைக் கணக்கிட வேண்டும். இதற்குக் கனடாவில் 'சி.எஸ்.ஏ. எஃப்280' என்ற முறையும், அமெரிக்காவில் 'மேனுவல் ஜே' என்ற முறையும் உள்ளன.

மருமகன் வீட்டின் கணக்கு 48,000 பி.டி.யு.தான்! பழைய உலை பொருத்தப்பட்ட பிறகு, கூரைக்கடியில் வெப்பக்காப்புப் பஞ்சு பரப்பி, சன்னல்களையும் மாற்றியிருந்தனர். வீடு மாறியது, உலை மட்டும் மாறவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உலை உட்கொள்ளும் வெப்பம் வேறு. வீட்டுக்குத் தரும் வெப்பம் வேறு. 60,000 பி.டி.யு. உட்கொள்ளும் உலை 96 சதவீதத் திறனுடையதாயின் 57,600 தரும். அவ்வளவே அவர்களுக்குப் போதுமானதாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், இப்போது என் தமக்கையின் அறையும் இதமாக உள்ளது.

குளிர்நாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகளுக்கு இதை எழுதுங்கள். இடுக்குகளை அடைத்து, கோடையிலேயே அளந்து வைத்துக்கொள்ளட்டும். உலை நின்ற இரவில் அச்சமே அளவுகோலாகிவிடும். அச்சம் எப்போதும் பெரியதையே கேட்கும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.