கிதாரும் திஸ்ர நடையும்

மாலை வேளைகளிற் பொத்தேரி இரயில் நிலையத்தையடுத்த மாணவர் விடுதிகளின் வழியே செல்வோர்க்குக் கிதாரின் ஓசை கேளாதிருப்பது அரிது. அவ்வோசையிற் பெரும்பாலது விரைவையே நாடுவது. மேனாட்டார் டிரிப்லெட் என வழங்கும் மும்மைக் கதியை மாணவர் பலர் கைப்பேசியின் தாளக்கருவிக்கிசையப் பழகி, நாடோறும் அதன் வேகத்தை ஏற்றிவருகின்றனர். விரல்கள் ஓடுகின்றன, தாளமோ தள்ளாடுகின்றது. இதற்கு மருந்து நம் நாட்டிலேயே உளதென்பது எமது கருத்து.

குறை எங்கேயுளது? தந்தியைக் கீழ்நோக்கியும் மேல்நோக்கியும் மாற்றி மாற்றித் தட்டுவது வழக்கம். ஓரட்சரத்துக்கு நான்கு சுரமாயின் ஒவ்வோரட்சரமும் கீழ்த்தட்டிலேயே தொடங்கும். மூன்றாயின், ஓரட்சரம் கீழ்த்தட்டிலும் அடுத்தது மேல்தட்டிலுமாகத் தொடங்கும். மேல்தட்டு பயில்வோர் கையில் மெலிந்தே ஒலிப்பது. ஆதலின் இரண்டாம் நான்காம் அட்சரங்களின் அழுத்தம் மறைந்து, மூன்று ஆறாகக் கேட்கின்றது. வேகத்தைக் கூட்டினால் இக்குறை நீங்காது, ஒளிந்துகொள்ளும், அவ்வளவே.

'தகிட' என்று வாயாற் சொல்லிக் கையால் தாளமிடுவோனுக்கு இவ்விடர் இல்லை. நாவிற்கு மேல்தட்டும் கீழ்த்தட்டும் இல்லையன்றோ! செவியில் நிலைத்த அழுத்தத்தைக் கை பின்னர்த் தேடிக்கொள்ளும்.

சுரக்கூட்டங்களிலும் இம்முறையே துணை. ஆதி தாளத்தின் எட்டட்சரத்திற்குத் திஸ்ர நடையில் 24 மாத்திரை. (நடை வேறு, ஜாதி வேறு, லகுவின் அளவைக் குறிக்கும் ஜாதியை நடையென மயங்குவார் பலர்.) இதில் 'தகதிமி' ஆறுமுறை அடங்கும், நான்கட்சரத்துக்கு ஒருமுறை கூட்டத்தின் தலையும் தாளத்தின் தட்டும் ஒன்றுசேரும். ஐந்தான 'தகதகிட'வோ நான்குமுறை சென்று நான்கு மாத்திரை எஞ்சும். எச்சத்தை ஒரு 'தகதிமி'யால் நிரப்பலாம். நிரப்பாது ஓடின் ஐந்து ஆவர்த்தனம் கழிந்தே சமத்தில் வந்து சேரலாகும். இக்கணக்கை நாவிற் கொள்ளாது விரலில் மட்டும் கொண்டோர் நடுவழியில் நின்றுவிடுகின்றனர்.

மேனாட்டு வாத்தியத்துக்கு நம் சொற்கட்டு எதற்கென்பார் உளர். வயலினும் மேனாட்டினின்று வந்ததே. மேலும், ஜான் மக்லாஃப்லின் என்னும் ஆங்கிலக் கிதார் வித்துவான் 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் வாசித்தவர். 2007இல் செல்வகணேசுடன் கூடிக் கொன்னக்கோலைக் கற்பிக்கும் ஒளிப்பதிவொன்றையும் வெளியிட்டனர். கடல்கடந்தோர் தேடிவந்து கற்றதை நம் மாணவர் அண்டைவீட்டிலிருந்தும் கேளாதிருத்தல் வியப்பே.

ஆதலின் நமது சங்கீத சங்கத்தார் இவ்வாண்டு மற்றுமோர் ஒலிபெருக்கி வாங்குவதை ஒத்திவைத்து, மிருதங்க வித்துவான் ஒருவரை வாரம் ஒரு மணிநேரமேனும் அமர்த்துவாராக. முதல் மாதத்தில் கிதார்கள் உறையிலேயே இருக்கட்டும்.