முதல் கேள்வி மண்ணிடம்

நிலம் வாங்குவோர் வழக்கமாகச் சில கேள்விகளைக் கேட்பர். விலை என்ன? நெடுஞ்சாலை எவ்வளவு தொலைவில் உள்ளது? இன்னும் சில ஆண்டுகளில் அதன் மதிப்பு உயருமா? இவற்றுக்கெல்லாம் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த நிலத்தின் மண் எத்தகையது? அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது? இக்கேள்விக்கு விடை தேடாமல் எடுக்கப்படும் முடிவுகளுக்கு நாடு பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

பழந்தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பிரித்துப் பார்த்தனர். மலையில் தினையும் வயலில் நெல்லும் கடற்கரையில் மீனும் உப்பும் என, தொழில் நிலத்தைப் பின்பற்றி அமைந்தது. நிலத்தின் இயல்பறிந்து வாழும் அந்தப் பார்வை இன்றும் தேவைப்படுகிறது. மலேசியாவின் மண் வகைகளைக் கவனித்தால் அதற்கான காரணம் விளங்கும்.

கெடா, பெர்லிஸ் சமவெளியில் வண்டல் களிமண் பரந்து கிடக்கிறது. களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. அவை நெருங்கி அமைந்திருப்பதால் நீர் எளிதில் கீழே இறங்குவதில்லை. வயலில் நீர் தேங்கி நிற்க வேண்டிய நெற்பயிருக்கு இதைவிட ஏற்ற மண் இல்லை. மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970ஆம் ஆண்டு முதல் அங்கு ஆண்டுக்கு இருமுறை நெல் விளைகிறது. கெடா நாட்டின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றதற்கு உழவரின் உழைப்போடு அந்த மண்ணும் காரணமாகும்.

கிளந்தான், திரங்கானு கடற்கரையோரத்தில் நிலைமை வேறு. அங்குள்ள மணற்பாங்கான நிலத்தில் ஊற்றிய நீர் உடனே வடிந்துவிடும். சத்தும் நீரோடு போய்விடும். அங்கே நெல் விளையாது. ஆனால், தென்னையும் தர்ப்பூசணியும் அந்த மணலில் வளர்கின்றன. உள்நாட்டுக் குன்றுப் பகுதிகளில் இருப்பது பெரும்பாலும் செம்மண். தமிழர் பல தலைமுறைகளாக உழைத்த இரப்பர்த் தோட்டங்களில் பல இத்தகைய நிலத்தில்தான் உருவாயின. மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்லாமலிருக்க, சரிவுகளில் படிக்கட்டுப் போன்ற வரிசைகளை வெட்டி மரம் நட்டார்கள். இடைவெளிகளில் மூடுபயிர் வளர்த்தார்கள். மண்ணின் குறையை அறிந்து அதற்கேற்ப நடந்துகொண்ட முறை இது.

மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டியது கரிமண். சதுப்புக் காடுகளில் விழுந்த இலைகளும் கிளைகளும் நீரில் மூழ்கி, முழுமையாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவானது அது. மலேசியாவின் கரிமண் நிலத்தில் பெரும்பகுதி சரவாக்கில் உள்ளது. நீர் இருக்கும் வரை கரிமண் பாதுகாப்பாக இருக்கும். கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அது சுருங்கும். ஆண்டுதோறும் சில செண்டிமீட்டர் கீழிறங்கும். காய்ந்த கரிமண்ணில் தீப்பிடித்தால் அது நிலத்துக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிள்ளான் துறைமுகம், கோல சிலாங்கூர் பகுதிகளில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சுமத்திராவில் எரிந்த காட்டு நிலங்களின் புகை கடல் கடந்து வந்து அந்நிலையை ஏற்படுத்தியது. கரிமண் எரிந்ததும் அதற்கொரு முக்கியக் காரணம்.

கரிமண் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஜொகூரின் பொந்தியான் பகுதியில் கரிமண்ணில் அன்னாசி நன்கு விளைகிறது. சரவாக்கின் மூக்கா வட்டாரத்தில் சவ்வரிசிப் பனை ஈரமான கரிமண்ணிலேயே வளர்ந்து மக்களுக்கு உணவும் வருமானமும் தருகிறது. மாறாக, சிபு நகரில் கரிமண்ணின்மீது எழுந்த குடியிருப்புகளின் நிலையைப் பார்க்கலாம். ஆழமாகத் தூண் இறக்கிக் கட்டிய வீடு அசையாமல் நிற்கிறது. சுற்றியுள்ள தரை மட்டும் தாழ்ந்துபோகிறது. வாசற்படிக்கும் தரைக்கும் இடையே இடைவெளி விழுகிறது; சாலைகள் அலைபோல் வளைகின்றன. மண் ஒன்றே, பயன்பாடுதான் வேறு.

தவறான பயன்பாடு உயிர்களையும் பறித்துவிடும். வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில் பாறைகள் ஆழம் வரை சிதைந்து மண்ணாகின்றன. அந்த மண் காய்ந்திருக்கும்போது உறுதியாகத் தோன்றும். தொடர்மழையில் நனைந்தால் பிடிப்பை இழக்கும். 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். பல நாள் மழைக்குப் பின், கட்டடத்தின் பின்னால் இருந்த சரிவு இடிந்ததே அதற்குக் காரணம். 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பத்தாங் காலியில், சரிவின் அடியில் கூடாரமிட்டு உறங்கியவர்கள்மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். ஒவ்வொரு முறையும் மழையின்மீது பழி போடுவது எளிது. மழை இந்நாட்டுக்குப் புதிதன்று. அது பெய்யும் என்று தெரிந்தே சரிவில் என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க வேண்டும்.

'இன்றைய பொறியியலால் எந்த மண்ணையும் வெல்ல முடியும்' என்று சிலர் வாதிடுவர். கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைச் சான்றாகக் காட்டுவர். ஆனால், அக்கோபுரத்தின் வரலாறு கற்பிக்கும் பாடம் வேறு. முதலில் தேர்ந்தெடுத்த இடத்தின் அடியில் சுண்ணாம்புப் பாறை சீராக இல்லை என்பது மண் ஆய்வில் தெரியவந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மென்மையான மண் என்றிருந்தால் கட்டடம் சமமின்றி அமிழும். எனவே, கோபுரம் எழவேண்டிய இடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி அமைத்தார்கள். நூறு மீட்டருக்கும் மேலான ஆழம் வரை அடித்தளத் தூண்களை இறக்கினார்கள். உலகின் மிக உயரமான கட்டடமாக எழுந்த கோபுரமே மண்ணுக்கு வழிவிட்டது. சிறந்த பொறியியல் மண்ணின் சொல்லைக் கேட்டு நடக்கும்.

மேலும், கட்டடத்தைத் தாங்கும் அளவுக்கு ஒரு நிலத்தைப் பலப்படுத்தலாம். கட்டடம் எழுப்பிய வயலை மீண்டும் வயலாக்குவது அரிது. மேல்மண் ஒரு செண்டிமீட்டர் உருவாகவே நூற்றாண்டுகள் ஆகலாம். தார் ஊற்றி மூடிய வண்டல் மண்ணைக் கடையில் வாங்க முடியாது. மலேசியா தனக்குத் தேவையான அரிசி முழுவதையும் தானே விளைவிப்பதில்லை. 2023ஆம் ஆண்டில் உள்ளூர் வெள்ளை அரிசி பல கடைகளில் கிடைக்காமல் மக்கள் அலைந்ததும், இறக்குமதி அரிசியின் விலை உயர்ந்ததும் நெல் நிலத்தின் அருமையை உணர்த்தின. வயல்கள் எல்லாம் போன பிறகு வருந்துவது கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம் செய்வது போலாகும்.

இதற்காக வயலை விற்கும் உழவரைக் குறை கூறுவது நியாயமாகாது. ஓராண்டு முழுவதும் உழைத்து ஈட்டுவதைவிடப் பல மடங்கு பணத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் தரும்போது, விற்காதே என்று அறிவுரை மட்டும் கூறுவது எளிது. நல்ல விளைநிலம் நாட்டுக்கு வேண்டுமென்றால், அதைக் காப்பவருக்கு உரிய வருமானத்தையும் நாடு உறுதிசெய்ய வேண்டும்.

மக்களுக்கு வீடும் தொழிற்சாலையும் தேவை என்பதில் ஐயமில்லை. அவற்றை எங்கே அமைப்பது என்பதே கேள்வி. பேராக், சிலாங்கூர் மாநிலங்களில் ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலங்கள் பல இருந்தன. மேல்மண்ணை இழந்த அம்மணலில் நெல் விளையாது. ஆனால், அத்தகைய நிலத்தில்தான் 1880ஆம் ஆண்டு தைப்பிங் ஏரிப் பூங்கா உருவானது. பின்னாளில் குடியிருப்புகளும் பொழுதுபோக்கு மையங்களும் பழைய ஈயச் சுரங்க நிலங்களில் எழுந்தன. அங்கும் மென்மையான சேற்றுப் படிவங்கள் ஒளிந்திருக்கலாம் என்பதால் ஆய்வு கட்டாயம் தேவை. ஆயினும், சோறு போடும் வயலை அழிப்பதைவிட அது மேலான வழி.

மலேசியாவின் தேசிய நிலச் சட்டம் நிலத்தை வேளாண்மை, கட்டடம், தொழில் என மூன்றாக வகைப்படுத்துகிறது. ஒரு வகையை இன்னொன்றாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலை வழங்குமுன் மண்ணின் வகை, சரிவு, நீரோட்டம் ஆகியவற்றை ஆய்ந்த அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எந்த மண்ணில் எது வரப்போகிறது என்பதை அருகில் குடியிருப்போர் தெரிந்துகொள்வது அவர்களது உரிமை.

மண்ணை அறியும் பழக்கம் பள்ளியிலேயே தொடங்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் பள்ளித் தோட்டத்து மண்ணைப் பாதியளவு போட்டு, நீர் ஊற்றி நன்கு குலுக்கி வைத்தால் போதும். மணல் முதலில் அடியில் படியும். அதன்மேல் வண்டல் படியும். களிமண் கடைசியில், பல மணி நேரம் கழித்தே இறங்கும். எது எவ்வளவு என்பதைக் கண்ணாலேயே காணலாம். இவ்வாறு பார்த்துப் பழகிய மாணவர் நாளை வீடு வாங்கும்போதும், தோட்டம் போடும்போதும், ஊராட்சி மன்றத்தில் அமர்ந்து ஒரு திட்டத்திற்குக் கையெழுத்திடும்போதும், விலையைக் கேட்பதற்கு முன் மண்ணைப் பற்றிக் கேட்பார்.