ஏழாம் மாதத்து ஊசி

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு பெண் முழுகாமல் இருக்கும் சேதி அக்கம்பக்கத்துக்குத் தெரியும் முன்பே கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. பெயர் பதிந்து, எடையும் ரத்த அழுத்தமும் பார்த்த கையோடு ரண ஜன்னிக்கான முதல் ஊசி போடப்படும். நான்கு வாரம் கழித்து இரண்டாவது. பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. “அது எல்லாரும் போடுறதுதானே” என்று மாமியாரே சொல்லிவிடுவார்.

இந்த நம்பிக்கை காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பச்சிளங்குழந்தைகளை ரண ஜன்னி தாக்கியது. பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, அதன்பின் வாய் திறக்க முடியாமல் உடல் விறைத்துப் போகும். தொப்புள்கொடியை அறுத்த கத்தியோ, கொடியில் தடவிய சாணமோ காரணமாக இருக்கும். 2015இல் இந்தியா இந்த நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயிரம் பிரசவத்தில் ஒரு குழந்தைக்குக்கூட இல்லை என்ற நிலையை எல்லா மாவட்டங்களும் எட்டிய பிறகே அந்த அறிவிப்பு வந்தது. மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகியதும் (தமிழ்நாட்டில் இன்று 99 சதவீதத்துக்கு மேல்) தாய்க்குப் போட்ட ஊசியும் சேர்ந்து சாதித்தது அது.

ரண ஜன்னி ஊசியைக் கேள்வி கேட்காமல் போட்டுக்கொண்ட அதே பெண்கள் 2021இல் கொரோனா தடுப்பூசிக்குத் தயங்கினார்கள். அதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல. அந்த ஆண்டு ஜனவரி 16 அன்று தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, கர்ப்பிணிகளுக்குப் போட வேண்டாம் என்று சொன்னது அரசுதான். ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்த்திருக்கவில்லை. தாலிடோமைடு மாத்திரையால் கை கால் குறைந்து பிள்ளைகள் பிறந்த 1950களின் கடைசியிலிருந்து மருத்துவ உலகத்துக்கு இந்த அச்சம் உண்டு. அச்சம் புரிகிறது. ஆனால், அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் தாய்மார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொற்றுக்கு ஆளான 1,530 கர்ப்பிணிகளையும் பிரசவித்தவர்களையும் அலைவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தது. முதல் அலையில் 0.7 சதவீதமாக இருந்த இறப்பு, இரண்டாவது அலையில் 5.7 சதவீதமாக ஏறியிருந்தது. கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்ற அனுமதி ஜூலை 2 அன்றுதான் வந்தது. அதற்குள் இரண்டாவது அலையின் உச்சம் கடந்திருந்தது.

ஐந்தரை மாதம் வேண்டாம் என்று கேட்ட காதில் திடீரென்று போட்டுக்கொள் என்றால் எந்தத் தாய்தான் யோசிக்க மாட்டாள்? இடையில் ஏப்ரலில், ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் நடிகர் விவேக் மாரடைப்பால் விழுந்து, அதற்கடுத்த நாள் இறந்தார். அவர் இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு சொல்ல அக்டோபர் ஆகிவிட்டது. வாட்ஸ்அப் அதுவரை காத்திருக்கவில்லை.

கர்ப்பிணிகள் தடுப்பூசி போட்டுக்கொள்வதை எது தீர்மானிக்கிறது என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். படிப்பு, வருமானம், பக்கவிளைவு பற்றிய பயம் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. இருந்தாலும் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்பது ஒன்று: தன்னைக் கவனிக்கும் செவிலியரோ மருத்துவரோ தெளிவாகப் போடச் சொன்னாரா என்பது. “போட்டுக்கலாம், உங்க இஷ்டம்” என்று மருத்துவர் சொன்னால் அவருக்கே சந்தேகம் இருக்கிறது என்றுதான் அந்தப் பெண் எடுத்துக்கொள்வாள். கருவைச் சுமப்பவளிடம் முடிவையும் சுமத்திவிட்டு விலகிக்கொள்வது பொறுப்பாகாது.

ரண ஜன்னி ஊசியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் உள்ளடக்கம் மாறியது. தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தும் அதில் சேர்ந்தது. தமிழில் எழுதினால் பழைய ஊசியின் சுருக்கப் பெயரும் டி.டி.தான், புதியதன் பெயரும் டி.டி.தான்; பலருக்கு மாற்றமே தெரியாது. போடுகிறவரும் இடமும் மாறாததால் புதிய மருந்தும் தடையின்றித் தாய்மார்களிடம் போய்ச் சேர்ந்தது.

அடுத்துச் சேர வேண்டியது கக்குவான் இருமலுக்கான மருந்து. குழந்தைக்கு இதற்கான முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான். பிறந்ததிலிருந்து அதுவரை அந்தச் சிறு நுரையீரலுக்குக் காவல், தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியே வரும் எதிர்ப்பு சக்தி மட்டுமே. இங்கிலாந்தில் 2012இல் கக்குவான் இருமலுக்கு 14 பச்சிளங்குழந்தைகள் பலியான பிறகு கர்ப்பிணிகளுக்கு அந்த ஊசி இலவசமாக்கப்பட்டது. 2017இல் பத்தில் ஏழு பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். 2023 செப்டம்பரில் அது 60 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2024இல் நோய் மீண்டும் பரவி 11 குழந்தைகள் இறந்தன. இலவசமாகக் கொடுத்தால் மட்டும் போதாது, ஆண்டுதோறும் எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும்.

இங்கே இந்த ஊசி தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது எட்டாது. அப்படியொரு ஊசி இருக்கிறது என்ற தகவலும் எட்டாது. ஒரே ஊரில் பிறக்கும் இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் காவல் இருப்பதை ஏற்க முடியாது. அரசு அட்டவணையில் இது இடம்பெற வேண்டும்.

அதைப் போட ஏற்ற காலம் 27 முதல் 36 வாரம்வரை. நம் வழக்கப்படி அதுதான் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகும் காலமும். புகுந்த ஊர்ச் செவிலியரின் பார்வையிலிருந்து விலகி, பிறந்த ஊர்ச் செவிலியரிடம் இன்னும் அறிமுகமாகாத வாரங்கள் அவை. ஊசி தவறிப்போக இதைவிடத் தோதான நேரம் கிடையாது. ஆகவே, திட்டம் வரும்போது இந்தப் பயணத்தையும் கணக்கில் வைத்து வர வேண்டும். கர்ப்பத்தைப் பதியும்போது தமிழ்நாடு அரசு தரும் பிக்மி எண் ஒன்று இருப்பதால் பெண் எந்த ஊருக்குப் போனாலும் அவள் பதிவைத் தேடி எடுக்க முடியும். வளையல் அடுக்கிய கையோடு தாய்வீட்டுக்கு வந்திறங்கும் பெண்ணின் பெயர், அந்த வாரமே அவ்வூர்ச் செவிலியரின் பட்டியலில் தெரிய வேண்டும். அடுத்த புதன்கிழமை தடுப்பூசி நாளில் அவளுக்காக ஒரு குப்பி தயாராக இருக்க வேண்டும்.