சுண்ணாம்பு ஊரில் எலும்பு இளகிய ஓணான்

போன வருஷம் ஒரு சாயங்காலம். கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு கதவைச் சாத்தப் போகிறேன், பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் செருப்பு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். பின்னாலேயே அவன் அம்மா. "ஐயா, தப்பா நினைக்காதீங்க. மாட்டு டாக்டர்கிட்ட கொண்டு போனா, இது என்ன பிராணின்னு எங்களையே கேக்குறாரு. நீங்க சங்கு பற்பம் ஏதாச்சும் குடுத்துப் பாருங்களேன்" என்றார்.

பெட்டிக்குள் ஒரு சாண் நீளத்தில் ஓர் ஓணான் குட்டி. கழுத்தைச் சுற்றி முள்முள்ளாகத் தாடி! ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த 'பியர்டெட் டிராகன்'. நாம் தாடி ஓணான் என்றே வைத்துக்கொள்வோம். சென்னையிலிருக்கும் தாய்மாமா பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தாராம்.

ராமருக்குக் குடிக்கத் தண்ணீர் தராமல் அவமதித்தது என்று ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு, ஓணானைக் கண்டால் சுருக்குப் போட்டு இழுத்து, கல்லால் அடித்தவர்கள் நாங்கள். சின்ன வயசில் நானும் செய்திருக்கிறேன். அதே ஊரில் ஒரு பையன் ஓணானுக்கு வைத்தியம் கேட்டு அழுதுகொண்டு நிற்கிறான். எனக்கு மனசு இளகிவிட்டது.

கையில் எடுத்துப் பார்த்தேன். கால் விரல்கள் விட்டுவிட்டுத் துடித்தன. முன்னங்கால்கள் வீங்கியிருந்தன. நல்ல குட்டி என்றால் முன்னங்காலை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். இது வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு கிடந்தது. தாடையை லேசாகத் தொட்டால் ரப்பர் மாதிரி அமுங்கியது. நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். மனிதக் குழந்தைகளின் ரிக்கெட்ஸ் எனக்குத் தெரியும். இதுவும் கிட்டத்தட்ட அதே கதைதான்!

"வெயில் காட்டுனியாப்பா?" என்றேன்.

"தினமும் ஜன்னல்கிட்ட வைக்கிறேன் சார். கண்ணாடித் தொட்டியிலதான் இருக்கு."

அங்கேதான் கோளாறு. சூரிய ஒளியில் புற ஊதா 'பி' என்றொரு கதிர் உண்டு. அது தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் 'டி' உண்டாகும். 'டி' இருந்தால்தான் சாப்பாட்டிலுள்ள கால்சியத்தைக் குடல் இழுத்துக்கொள்ளும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும் மட்டும்தான் உள்ளே வரும். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு சும்மா இருக்காது, எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். வளர்கிற குட்டிக்கு இது சீக்கிரமே வந்துவிடுகிறது.

வேடிக்கையைப் பாருங்கள். ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலை 1970-லிருந்து இருக்கிறது. காரணம், இந்த மண்ணிலுள்ள சுண்ணாம்புக்கல். வெயிலுக்கோ கேட்கவே வேண்டாம். பட்டாசைக் காய வைக்க நம்பியிருப்பதே இந்த வெயிலைத்தானே! சுண்ணாம்பும் வெயிலும் கொட்டிக்கிடக்கிற ஊரில், ஒரு ஜீவன் இரண்டும் கிடைக்காமல் எலும்பு இளகிக் கிடக்கிறது.

சங்கு பற்பம் கொடுத்தேனா? கொடுக்கவில்லை. நம் மருந்தை நானே குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பற்பத்தின் அளவும் அனுபானமும் மனித உடம்புக்காகச் சொன்னவை. ஐம்பது கிராம்கூடத் தேறாத உயிருக்கு எந்த அளவைச் சொல்வது? 'டி' இல்லாத உடம்பில் வெறும் சுண்ணாம்பைத் திணித்தும் பிரயோஜனமில்லை. துடித்துக்கொண்டிருக்கிற குட்டியின் வாயில் எதையாவது ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அதனால் பாலும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம், மஞ்சள் வேப்பெண்ணெய்ப் பூச்சும் வேண்டாம். துடிப்பு வந்துவிட்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவர்தான். உள்ளூரில் இந்தப் பிராணியைத் தெரிந்தவர் இல்லையென்றால், திருநெல்வேலி ராமையன்பட்டியிலோ சென்னை வேப்பேரியிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள்.

இதை வளர்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்த ஜாதி நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்து தெரிந்தால் வேறொன்று தூக்கிப் போய்விடும் அல்லவா? நமக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒரு முறை எடை பார்த்து, காலண்டரில் குறித்து வையுங்கள். குட்டியின் எடை ஏறிக்கொண்டே இருக்கவேண்டும். நின்றாலோ இறங்கினாலோ அதுதான் முதல் அறிகுறி. எச்சத்தையும் பாருங்கள், முகம் சுளிக்காதீர்கள்! அதன் வெள்ளைப் பகுதி மஞ்சளாகிக் கட்டியாக வந்து, கண்ணும் குழி விழுந்திருந்தால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். நாற்றத்தோடு இளகிப் போனால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். எச்சத்தைச் சின்ன டப்பாவில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள். சூடு ஏறும்போது வாயைத் திறந்து வைப்பது சகஜம். ஆனால் நிழலிலும் வாய் மூடாமல், மூக்கில் சளிக்குமிழி வந்தால் நெஞ்சில் கோளாறு. பயந்தாலும் வலித்தாலும் தாடி கறுக்கும். சட்டை உரிக்கிற நாளில் சாப்பாடு குறைந்தால் பதற வேண்டாம்.

ஒரே தொட்டியில் இரண்டு மூன்று குட்டிகளைப் போடாதீர்கள். ஒன்றின் விரலை, வால் நுனியைக் மற்றொன்று கடித்துத் தின்னும். பல்லிக்கு முளைக்கிற மாதிரி இதற்கு வால் மறுபடி முளைக்காது.

தீனி விஷயத்தில் நம் பக்கத்துக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். குட்டிக்குப் பூச்சிதான் பிரதான ஆகாரம். அதற்காகப் பருத்திக் காட்டிலும் சோளக் காட்டிலும் வெட்டுக்கிளி பிடித்துப் போடாதீர்கள். மருந்தடித்த பூச்சி குட்டியைக் கொன்றுவிடும். மின்மினியும் ஆகாது, அதுவே விஷம். இரண்டு கண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி கூடாது. கால்நடை மருத்துவர் சொல்கிற கால்சியப் பொடியைப் பூச்சியின் மேல் தூவிக் கொடுக்கவேண்டும். கீரை என்றால் பசலை தினமும் வேண்டாம், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப்போடும். வாசல் செம்பருத்தியின் இலையும் பூவும் நல்லது.

வெயில் காட்டுவது எப்படி? காலை வெயிலில், கம்பிவலைக் கூண்டில், பாதிக்கு நிழல் போட்டு, நீங்கள் பக்கத்திலேயே இருந்து காட்டுங்கள். கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் வைத்தால் அடுப்பாகிவிடும். வீட்டுக்குள் என்றால் புற ஊதா 'பி' விளக்கு வேண்டும். அது எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் சத்து போய்விடும், மாற்றவேண்டும்.

தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆரோக்கியமாகத் தெரிகிற ஓணானிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டில் இது வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

வாங்குவதையே நான் ஆதரிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை உயிரோடு வியாபாரத்துக்கு அனுப்புவதில்லை. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஒளித்து வரும் பிராணிகளைச் சென்னை விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டேயிருக்கிறார்கள். ரசீது, காகிதம் காட்டாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். வாங்கியாகிவிட்டது என்றால், பத்து வருஷம் வரை இருக்கக்கூடிய உயிர் அது.

அந்தப் பையனின் குட்டியா? விவரம் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் பார்த்தார். கால்சியம், 'டி', புது விளக்கு என்று மூன்று மாதம் ஆயிற்று. தாடை கெட்டிப்பட்டுவிட்டது. வலது முன்னங்கால் மட்டும் வளைந்தபடியே நின்றுவிட்டது. காலையில் மொட்டை மாடியில் கூண்டை வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கிறான்.